பேச்சுத்தட்டு ஓடிய மூன்று நிமிஷம்

லப்பைக்குடிக்காட்டில் ஜபருல்லாவின் முகத்தைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். தொண்டையைக் கேட்காதவர்கள் கிடையாது. ஆடு காணாமல் போனாலும், ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்தாலும், கல்யாண வீட்டில் பந்தி ஆரம்பித்தாலும் மைக்கைப் பிடிப்பவர் அவர்தான். அல்லாஹ் அவருக்கு உடம்பை ஒல்லியாகவும் குரலைக் குண்டாகவும் கொடுத்திருந்தான். நடுவில் எட்டு வருஷம் சவூதியில், தம்மாமில் ஏசி மாட்டினார். அங்கே அவர் வீட்டுக்குப் போன் பேசினால், பக்கத்து ரூம்காரர்களுக்கும் ஊர் சேதி தெரிந்துவிடும்.

திரும்பி வந்த பிறகு மைக் செட்டோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் கல்ஃபிலிருந்து ஆண்கள் பேசி அனுப்பிய கேசட்டுகளைப் போனில் ஏற்றிக் கொடுப்பார். பூஞ்சை பிடித்த நாடாவைப் பஞ்சால் துடைப்பார், அறுந்ததை ஒட்டுவார். பொறுமையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரே ஒரு கிறுக்கு மட்டும் உண்டு. ஒயரைச் செருகி நேராகப் பதிய மாட்டார். ஸ்பீக்கரைப் பாடவிட்டு, அதற்கு எதிரே மைக்கை நிறுத்தித்தான் பதிவார்.

"காத்துப் படாத குரல் ஒரு குரலா? ஒயருக்குள்ளயே போயி ஒயருக்குள்ளயே வந்தா அதுக்கு மூச்சு முட்டாதா?" என்பார்.

"உங்களுக்கு முட்டினா நாங்க கொஞ்சம் நிம்மதியா இருப்போம்" என்பார் அவர் மனைவி ஃபைஸா.

அப்படிப்பட்டவரிடம்தான் ஜைனம்பு பெரியம்மா ஒரு நாள் காலையில் பழைய தாவணியில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். அறுபத்தாறு வயது. தெருவில் அவர் நடந்தால் கோழிகூட ஓரம் போகும். பிரித்துப் பார்த்தால், சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு கறுப்புத் தட்டு. ஓரத்தில் கறுப்புத் தோல் அப்பளம்போல் பொரிந்து, அடியில் அலுமினியம் தெரிந்தது.

"எங்கத்தா பினாங்குலேர்ந்து பேசி அனுப்புனதுடா. அங்க காசு போட்டா மூணு நிமிஷம் பேசவிட்டுத் தட்டு போட்டுக் கொடுப்பாங்களாம். இது இங்க வந்து சேர்றதுக்குள்ள அவர் மவுத்தாயிட்டாரு. எங்கம்மா மனசு கேக்காம ஒரு தடவைகூட ஓட்டல. பொட்டிக்கு அடியிலயே கெடந்துச்சு."

"நீங்க அப்ப?"

"நான் வயித்துல. அத்தா கப்பல் ஏறி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அம்மாவுக்கே தெரியுமாம். காயிதம் போட்டாங்களாம். அது போய்ச் சேந்துச்சா சேரலையான்னு ஒருத்தருக்கும் தெரியாது." பெரியம்மா குரலைத் தாழ்த்தினார். அதை யாரும் அதுவரை பார்த்ததில்லை. "நான் வரப்போறது அவருக்குத் தெரியுமா தெரியாதா? அது ஒண்ணுதாண்டா எனக்கு வேணும்."

இப்படிப்பட்ட தட்டை ஓட்டும் மெஷின் ஜபருல்லாவிடம் இல்லை. அரியலூரில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கும் அபிநயா பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிற பெண். அவளைக் கேட்டுப் பிடித்தார். அவள் பஸ்ஸில் தன் மெஷினை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். கூடவே ஒரு ஒயரும்.

"ஊசி ரொம்ப லேசுதான் பாய். ஆனா தோல் உரிஞ்சிடுச்சு. ஒரு தடவைதான் ஓடும். நடுவுல ஊசியைத் தூக்குனா அப்படியே பேந்துரும். மறக்காம இந்த ஒயரைப் போட்டுப் பதியுங்க."

"கண்டிப்பா தாயி" என்று சொல்லி, ஒயரைப் பத்திரமாக டப்பாவில் வைத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேரம் குறித்தார்கள். ஜபருல்லா வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார். ஃபேனை நிறுத்தினார். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்குள் திணித்தார். ஃபைஸாவின் வளையல்களுக்கு மேல் துண்டைச் சுற்றிக் கட்டினார்.

"கை ஒடிஞ்சவ மாதிரி இருக்கேன்" என்றார் ஃபைஸா.

"மூணு நிமிஷம். யாரும் மூச்சு விடக் கூடாது. அதாவது விடலாம், சத்தம் வரக் கூடாது. எதிர்ல மைக் இருக்கு, ஈ பறந்தாலும் பதிஞ்சிடும்."

"இதைக் கத்தாம சொல்லுடா" என்றார் பெரியம்மா.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஊசியை வைத்தார். எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டதுபோல் சடசடவென்று சத்தம். பிறகு ஓர் இளவட்டக் குரல், கடலுக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்ற கணக்கில் கத்தியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

"வ அலைக்கும் ஸலாம்!"

பதில் சொன்னது ஜபருல்லா. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஸலாம் காதில் விழுந்தால் பதில் வாயில் வருவது ஐம்பது வருஷப் பழக்கம். பின்னாலேயே ஃபைஸாவும் சொன்னார். பெரியம்மாவும் சொன்னார். சொல்லிவிட்டு மூவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். ஊசியைத் தூக்கவும் முடியாது.

பினாங்குக்காரர் சும்மா இருந்தாரா? காசு கொடுத்த மூன்று நிமிஷத்தையும் மரியாதைக்கே செலவழிப்பது என்று தீர்மானித்து வந்தவர் அவர்.

"பெத்த அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்!"

"வ அலைக்கும்..." ஜபருல்லா வாயைப் பொத்தினார். பாதி மூக்கு வழியாக வந்தது.

"பெரியண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்!"

இந்த முறை ஃபைஸா. வாயைப் பொத்தக் கை எடுத்தால் துண்டு அவிழ்ந்து வளையல் கலகலத்தது. மூன்று மாமாக்கள், கொழுந்தியாள், எதிர்வீட்டுக்காரர், அவர் மச்சான், ஆடு மேய்க்கிற பையன் என்று ஒருவரையும் விடாமல் அவர் வரிசையாக ஸலாம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் இங்கே யாராவது ஒருவர் வழுக்கி விழுந்தார். ஜபருல்லா துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார். துண்டும் முனகியது.

தட்டில் டிங் என்று மணி அடித்தது. "நேரம் ஆச்சுங்கிறான்" என்றது குரல். அப்புறம் ஒரு செருமல். கட்டினவள் பேரை ஊருக்கு முன்னால் சொல்ல வெட்கம் போல.

"வூட்ல உள்ளவங்களும் சுகமா இருக்கணும். காயிதம் வந்துச்சு. படிச்சேன். வரப்போற புள்ளைக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்."

ஜபருல்லாவின் தொண்டை வரை பதில் வந்தது. அப்படியே விழுங்கினார். ஃபைஸாவும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"வ அலைக்கும் ஸலாம், அத்தா" என்றார் ஜைனம்பு பெரியம்மா. மெதுவாகத்தான் சொன்னார்.

கறுப்புத் தோல் சுருண்டு எழுந்து ஊசியைச் சுற்றிக்கொண்டது. தட்டு முடிந்தது.

போட்டுக் கேட்டபோதுதான் ஜபருல்லாவுக்கு முகம் செத்தது. தட்டில் இருந்தவர் யார், வீட்டில் இருந்தவர்கள் யார் என்றே பிரிக்க முடியவில்லை. எல்லாருக்கும் மேலே அவர் குரல்தான் குண்டாக நின்றது. அன்றே அபிநயாவுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"பாய், ஒயர் எங்க?"

"டப்பாவுல இருக்கு தாயி. ஒரு கீறல் இல்ல."

அபிநயா வந்ததை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். அப்புறம், கம்ப்யூட்டரில் குரல்களைப் பிரிக்க முடியும், பார்க்கிறேன் என்றாள். பத்து நாளில் அனுப்பினாள். துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஜபருல்லா இல்லை, ஃபைஸா இல்லை, வளையல் இல்லை. கடைசி பதிலும் இல்லை. ஜபருல்லா ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் போட்டுக் காட்டினார். கண்ணை மூடிக் கேட்ட பெரியம்மா நாலாவது ஸலாமிலேயே கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்னடா இது? எங்கத்தா ஒத்தையில நின்னு கத்துறாரு. ஒரு நாதியும் பதில் சொல்லல."

"சுத்தம் பண்ணியிருக்காங்க பெரியம்மா..."

"ஸலாம் சொன்னவருக்குப் பதில் சொல்லாததா சுத்தம்? அவர் எனக்குச் சொன்னாரு. நான் திருப்பிச் சொன்னேன். அதை எடுக்கச் சொல்லி யாருடா கேட்டா?"

"என் குரலும் அதுல கெடக்கே பெரியம்மா. காதே போயிரும்."

"கெடக்கட்டும். அறுபத்தாறு வருசமா பேசுனவருக்கு யாராவது பதில் சொன்னா சரி. முதல்ல பதிஞ்சதையே போடு."

போட்டார். சடசடவென்று கடுகு வெடித்தது. பினாங்குக்காரர் ஸலாம் சொன்னார். போனுக்குள் இருந்த ஜபருல்லா பதில் சொன்னார். வெளியில் இருந்த ஜபருல்லாவும் சொல்லிவிட்டார். பெரியம்மா அவரைத் திட்டவில்லை. கடைசி ஸலாமுக்காகத் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.