சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டை

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. தண்டலம் பக்கம் ஒரு மருத்துவமனையின் முதல் மாடியில், எண்டோஸ்கோப்பி அறைக்கு வெளியே மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் இரவு எட்டு மணியோடு சாப்பாடு நிறுத்தம், காலையில் தண்ணீரும் கிடையாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரகடத்தில் ஒரு இன்ஜின் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவனாக இருந்து, அடுத்தவருக்கு விதிமுறை எழுதியே ஓய்வு பெற்றவன் நான்.

வந்த காரணம் இதுதான். இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஆறு மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே தள்ளியிருந்தேன். என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவர் காலத்தில் எங்கள் ஊரில் வாய் வழியாக விட்டுப் பார்க்கும் இந்தக் கேமராக் குழாய் கிடையாது. வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு அப்படியே தைத்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு மூன்று மாதம் இருந்தார்.

எனக்கும் அதுதானோ என்று வீட்டில் நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. மனைவி மட்டும் வல்லக்கோட்டை முருகனிடம் பேசி, எனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். என் தலையில் முடி போய் இருபது வருடமாகிறது. முருகன் இதைக் கவனித்தாரா தெரியாது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். ஐந்தாவது கேள்வியும் பதினோராவது கேள்வியும் ஒன்றே என்று சுட்டிக்காட்டினேன். 'தற்போது சாப்பிடும் மருந்துகள்' என்ற இடத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே கூப்பிட்ட செவிலியரின் பேச்சு திருநெல்வேலிப் பக்கம். "ஐயா, கண்ணாடி, வாட்சு, பையில இருக்கது எல்லாத்தையும் இந்தத் தட்டுல வச்சிருங்க" என்றார். வைத்தேன். பேனா, சாவி, ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஏழு காலி. அவர் அட்டையைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கியளே?"

"அது மருந்து இல்லைம்மா. கேஸுக்குப் போடுறது."

"அப்ப மிட்டாயா?"

வாசலில் நின்ற மனைவிக்கு அப்போதுதான் சந்தர்ப்பம் கிடைத்தது. "ஒரு வருஷமா தினம் காலையில ஒண்ணு. சாயங்காலம் முட்டி வலிக்கு மெடிக்கல்ல இவரா கேட்டு வாங்குறது வேற. நான் சொன்னா, உனக்கு இன்னா தெரியும்னுவார்."

எங்கள் பக்கம் இது அதிசயமே இல்லை. ஷிப்டு மாறி மாறிச் சாப்பிடுகிறவர்கள் பையில் அடையாள அட்டையோடு இந்த அட்டையும் இருக்கும். நெஞ்சு எரிந்தால் ஒன்று, எரியாமல் இருக்க ஒன்று.

"எரிச்சலு அடங்கிரும் ஐயா. புண்ணு அடங்குமா?" என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் சிவப்பு மையால் எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. எச்சரிக்கை மணி தொல்லை தருகிறது என்று அதன் வயரைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டிய ஒரு ஆபரேட்டரை, லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டியவன் நான். ஒரு வருடமாக நான் செய்ததும் அதேதான்.

டாக்டர் சிவப்பு எழுத்தைப் படித்தார். "புண்ணை உண்டாக்குற கிருமியை இந்த மாத்திரை மறைச்சிடும் சார். இது தெரியாம இருந்தா, கிருமி இருந்தாலும் டெஸ்ட்ல இல்லைன்னு காட்டியிருக்கும். கூடுதலா ரெண்டு இடத்துல சதை எடுக்கறேன்."

தொண்டையில் கசப்பாக எதையோ அடித்தார்கள்; தொண்டை இருக்கிற உணர்வே போய்விட்டது. இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையம். பார்க்க வேண்டும் என்று மயக்க ஊசி வேண்டாமென்றிருந்தேன். ஆனால் கண்ணாடி தட்டில் கிடந்தது. வளையத்தைக் கடித்துக்கொண்டு எப்படிக் கேட்பது? செவிலியரே எடுத்துக் கோணலாக மாட்டிவிட்டார். "பாக்கத்தானே ஊசி வேண்டாம்னிய. பாருங்க."

இன்ஜினைப் பிரிக்காமல், சின்ன ஓட்டை வழியாகக் கேமராக் குழாயை விட்டு உள்சுவரைப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. அழுக்கும் இருட்டுமாக ஒரு குழியைத்தான் எதிர்பார்த்தேன். திரையில் தெரிந்தது இளஞ்சிவப்பாக ஒரு கூடம். எங்கள் பாலிஷ் மெஷின் எதுவும் கொடுத்திராத மினுமினுப்பு. மடிப்பு மடிப்பாகச் சுவர்கள். கடைசியில் ஒரு சின்ன வட்ட வாசல். சுவரில் ஒரு அலை கிளம்பி மெதுவாக அதை நோக்கி நகர்ந்தது, வாசல் சுருங்கி மூடியது, பிறகு விரிந்தது. ஏறக்குறைய இருபது நொடிக்கு ஒரு அலை என்று பழக்க தோஷத்தில் எண்ணினேன். அறுபத்து நான்கு வருடமாக, வார விடுமுறை இல்லாமல், மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் இது நடந்துகொண்டிருக்கிறது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. குமட்டல் என்று நினைத்து, "மூக்கால மூச்சு விடுங்க ஐயா" என்று செவிலியர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது புண். சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. குழாய்க்குள்ளிருந்து ஒரு குட்டி இடுக்கி வந்து கிள்ளி எடுத்தது. வலிக்கவே இல்லை.

முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "பார்க்க மோசமா தெரியலை. ஆனா அதை நான் சொல்லக்கூடாது, எடுத்த சதை சொல்லணும்." சோதனை முடியாமல் கையெழுத்துப் போடாத மனிதர். மரியாதை வந்தது.

எட்டு நாள் காத்திருந்தோம். புற்று இல்லை. கிருமி இருந்தது, அதுவும் கூடுதலாக எடுத்த துண்டில் மட்டும். இரண்டு வாரம் கிருமிக்கு மருந்து, அதன்பிறகு புண் ஆற மாத்திரை, இந்த முறை டாக்டர் எழுதிக்கொடுத்து. புண்ணைக் கிளறும் என்று முட்டி மாத்திரைக்குத் தடை. இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது, புண் இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும். மொட்டைக்குப் பதில் வல்லக்கோட்டையில் மீசையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது சாப்பாட்டுத் தட்டின் முன் சில நொடி சும்மா இருக்கிறேன். சாமி கும்பிடுவதாக மனைவி நினைக்கிறாள்; என் கையெழுத்தே இல்லாமல் ஒழுங்காக நடந்துவந்த ஒரு வேலை, உதவி கேட்டுக் கூப்பிட்டபோதெல்லாம் மாத்திரை போட்டு அதன் வாயை நான் அடைத்ததற்கு என் வயிற்றிடம் மன்னிப்புக் கேட்பதாக அவளிடம் எப்படிச் சொல்வது?