கடைசிக்கு வைத்த பேய்க்கதை

கருவாட்டு வாசத்தோடுதான் அந்த ஐந்து பேய்க்கதைப் புத்தகங்களும் எங்கள் வீட்டுக்கு வந்தன. கண்டியில் கடையொன்றில் வேலை பார்த்த என் மாமா, பழைய புத்தகக் கடையில் அள்ளியவற்றை நெத்தலிப் பொட்டலத்தோடு ஒரே பையில் போட்டு ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். ஐந்தும் ஒரே எழுத்தாளருடையவை. இந்தியாவில் அவர் கதையைப் படித்தவர்கள் விளக்கை அணைக்க விடமாட்டார்களாம்.

எதை முதலில் வாசிப்பது என்று எனக்கும் பூமணிக்கும் அன்றே சண்டை. பூமணி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரே சுவரை ஒட்டிய பக்கத்துக் "காம்பிரா"க்காரி, என் கூட்டாளி. தங்கச்சிமாரைப் பார்த்துக்கொள்வதற்காக இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், கற்ற எழுத்தையும் மறந்துபோனவள். நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். அவள் குடும்பத்தை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பும் "பாஸ்போட்" வந்துவிட்டது, மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். அதற்குள் ஐந்தையும் முடித்தாக வேண்டும். அங்கே அவளுக்கு வாசித்துக்காட்ட யார் இருக்கிறார்கள்?

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக ஏறிவரும் அட்டைப்படத்தைப் பார்த்ததுமே, "இத மொதல்ல படிடி" என்றாள். நானோ தீபாவளி இறைச்சித் துண்டைச் சோற்றுக்கடியில் ஒளித்துவைத்துக் கடைசியில் தின்கிற பிறவி. நல்லது கடைசிக்குத்தான் என்று ஒரே பிடியாய் நின்றேன். படிக்கத் தெரிந்தவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஏது?

பள்ளி விட்டு வந்ததும், தண்ணீர் பிடிக்கும் "பீலி"க்கரையில் குந்தி வாசிப்போம். அம்மா போட்ட சட்டம் வேறு: "செவ்வா, வெள்ளியில பேய் பேரச் சொன்னா வெத்தில பாக்கு வச்சுக் கூப்பிட்ட மாதிரி." வாரத்தில் இரண்டு நாள் அப்படிப் போயிற்று. ஒரு திங்கட்கிழமை நான்காவது கதை முடிந்தபோது இன்னும் வெயில் இருந்தது. இப்பவே அடுத்ததைத் தொடங்கச் சொல்லிப் பூமணி கெஞ்சினாள். புதன்கிழமை ஆற அமரத் தொடங்கலாம் என்று எழுந்துவிட்டேன். எவ்வளவு திமிர் எனக்கு!

செவ்வாய் பின்னேரம் தோட்டத்து "ஒப்பீசில்" இருந்து ஆள் வந்தது. பயண நாள் முன்னுக்கு வந்துவிட்டதாம், விடிந்தால் லொறி. பூமணி நேரே எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"கொஞ்சமாச்சும் படிக்கச் சொல்லுங்க அத்தை."

"கடல் தாண்டிப் போற புள்ளைக்குச் செவ்வாக்கெழம பேய்க்கதையா? போய் மூட்டையக் கட்டு" என்று அம்மா கதவை மறித்து நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

மறுநாள் காலை லொறியடியில் லயமே ஒப்பாரி வைத்தது. அந்தப் புத்தகத்தை அவள் கையில் திணித்தேன். அவள் அழவில்லை. படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"எனக்கு எதுக்குடி? படிக்க நீ வரப்போறியா?"

கடிதம் எழுதலாமென்று எத்தனையோ முறை தாளை எடுத்திருக்கிறேன். விலாசமும் தெரியாது, வந்தால் அவளால் வாசிக்கவும் முடியாது. இன்று அந்த லயம் இடிந்து தேயிலையோடு தேயிலையாகிவிட்டது. பூமணியைத் தெரியுமா என்று கேட்டால் தெரியுமென்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. கிணற்றுப் பெண் கதையை நான் பிறகு தனியாக வாசித்தேன். ஐந்திலும் அதுதான் நல்ல கதை, அவள் சொன்னது சரி. எதை முதலில் வாசிப்பது என்று சண்டை பிடித்த அந்தச் சில வாரங்களில், அவளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன். வாசிப்பவள் நான் ஒருத்தியாகவே இருக்க வேண்டும் என்று அப்போது அவ்வளவு ஆசை எனக்கு.