வரவேற்பறையில் ஒரு கொழுந்துக்கூடை

யசோதினி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். அம்மா கருப்பம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறாள். சின்ன வயதில் மகள் விளையாட்டுக்குக் கூடையை மாட்டினால்கூட முதுகில் ஓர் அடி வைப்பாளாம். மகள் தலையில் கூடைக் கயிறு ஏறக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

பதுளை டவுனில், மென்பொருள் செய்யும் எங்கள் கம்பனியில் நான் அவளுக்குப் பக்கத்து மேசை. தோட்டங்களில் கொழுந்து நிறுத்துக் கணக்கு வைக்கும் செயலியை முழுக்க எழுதியவள் அவள்தான். அதற்கான குழுத் தலைவர் பதவி அவளுக்கே என்று முகாமையாளர் நிருபன் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தார். சொல்வதில் அவரை அடிக்க ஆளில்லை. சுவரில் 'நாம் ஒரு குடும்பம்' என்று எழுதி வைத்த மனுஷன். தினமும் காலையில் எங்களை வட்டமாக நிறுத்தி, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று விசாரிப்பார். அமெரிக்க முறையாம். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை அறிந்த யசோதினி முதல் நாளே என் காதில் சொன்னாள்.

"இது பெரட்டுதான். கங்காணி இங்கிலீஷ் பேசுறாரு, அவ்வளவுதான்."

வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வருவதாக இருந்தது. வரவேற்பறை அலங்காரத்துக்கு அம்மாவின் கூடை வேண்டுமென்று நிருபன் கேட்டார். கருப்பம்மாவுக்கு ஒரே பெருமை. கழுவிக் காயவைத்துக் கொடுத்துவிட்டு, தான் இரவல் கூடையோடு மலைக்குப் போனாள்.

அவர்கள் வந்த அன்று, செயலியை விளக்கத் தயாராக வந்த யசோதினியிடம் நிருபன் அந்தக் கூடையையே நீட்டினார். அதை மாட்டிக்கொண்டு வாசலில் தேத்தண்ணி கொடுக்க வேண்டுமாம். விளக்குவது தர்மிளாவாம். எங்களோடு வேலை செய்தாலும் இந்தச் செயலியில் ஒரு வரிகூட எழுதாதவள் அவள்.

"வாறவைக்கு ஒரு கதை வேணும். உங்கட பதவி விசயத்தை நாளைக்கே முடிப்பம்," என்றார்.

பதவிக்காக யசோதினி மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் பதவியும் தர்மிளாவுக்கே போனது. யசோதினிக்குத் தலைமைத் தோரணை போதாதாம். கூடையோடு நின்ற படம் மட்டும் கம்பனியின் முகநூலில் ஏறியது. லயத்தில் யாரோ அதைப் போனில் காட்ட, கருப்பம்மா பார்த்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை நாங்கள் வட்டமாக நின்றபோது கருப்பம்மா உள்ளே வந்தாள். வரவேற்பறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தன் கூடையை எடுத்தாள். அற்பப் பிறவி நிருபனுக்கு அதுவும் நல்ல காட்சியாகவே பட்டது. போனை எடுத்தார்.

"அம்மா, ஒரு படம் எடுப்பமே?"

"எடுப்போம் தொரை." கருப்பம்மா கூடையை அவர் முன்னால் நீட்டினாள். "நீங்க மாட்டிக்கங்க. நான் எடுக்கிறேன்."

நிருபன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். யசோதினி கழுத்தில் கிடந்த கம்பனி அட்டையைக் கழற்றி, கூடை தொங்கிய ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவோடு வெளியேறினாள்.

படி இறங்கும்போது கூடையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். கருப்பம்மா கொடுக்கவில்லை.