இடது கையின் எடை

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மாலை 5.30. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் டாட்டூ கடையில், என் இடது முன்கையின் உட்புறம் ஒரு சிறிய பல்சக்கரம் குத்தப்பட்டது. மையில் ஒரு சிட்டிகை சாம்பல் கலந்திருந்தது.

இனி வருவதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. விபத்து இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. யார், எந்த நேரத்தில், எங்கே இருந்தார்கள் என்று பதினொரு வருடமாகக் குறித்துவருகிறேன். இதையும் அப்படித்தான் குறித்து வைத்தேன்.

அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் இறந்தபோது நான் ஆய்வு வேலையாக வெளியூரில் இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணன் எனக்குச் சொன்னான். “நீ பதறியடிச்சு வண்டி ஓட்டிட்டு வருவேன்னு பயந்துட்டேன்” என்றான். முகம்கூடப் பார்க்கவில்லையே என்று அழுது தீர்த்தேன். நான்கு நாள் கழித்து, அப்பா திருகாணி போட்டு வைக்கும் தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

“உனக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சேன் பாப்பா.”

உள்ளே சாம்பல். அந்த ஒன்றுக்காக அவனை மன்னித்தேன்.

ஊசி என்றாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆள் நான். ஆனாலும் அந்தச் சாம்பலோடு டாட்டூ கடைக்குப் போனேன். டாட்டூக்காரர் அதை மெல்லிய வலையில் சலித்தார். விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தார்.

“அப்பாவுக்கு என்ன வயசுங்க?”

“எழுபத்திரெண்டு.”

“ரொம்ப நைஸா இருக்கே. வயசானவங்களது கொஞ்சம் கரகரன்னு இருக்கும்.”

“எங்கப்பா எதையும் நைஸாத்தான் செய்வாரு.”

அவர் சிரித்தார். ஊசி இறங்கியது. போத்தலில் அடைபட்ட வண்டுபோல மெஷின் இரைந்தது. நாற்பது நிமிடம். வலித்தது. ஆனால் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது.

மூன்று நாள் நீர் கசியும் என்று சொல்லியிருந்தார். கசிந்தது, நின்றது. ஒன்பதாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. பல்சக்கரம் பளிச்சென்று தெரிந்தது.

மார்ச் 26. மாலை 6.50. அலுவலகத்தில் ஒரு மனுவைப் படித்துக்கொண்டிருந்தேன். டப்... டப்... டப்... என்று சத்தம். அடுத்த மேசை அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னடி, மேசையத் தூங்க வைக்கிறியா?”

குனிந்து பார்த்தேன். என் இடது கைதான். நான்கு விரலும் சேர்ந்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. நான் தட்டவில்லை.

மறுநாளும் 6.50. அதற்கு மறுநாளும். அப்பா கடையைப் பூட்டத் தயாராகும் நேரம் அது. அவர்தான் என்று முடிவு கட்டினேன். பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. “போதும்ப்பா, கடையைச் சாத்துங்க” என்று கையிடம் பேசினேன்.

மார்ச் 31. மாலை 6.50. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இடது கை நான்கு கிலோ அரிசிப் பையைத் தாங்கியதுபோலக் கனத்தது. முழங்கை மடிப்பில் உருண்டையாக ஏதோ வந்து சாய்ந்தது. வெதுவெதுப்பாக. அது மூச்சு விட்டது...

அப்பா ஆறடி மனிதர்.

ஏப்ரல் 3. மாலை 6.50. வீட்டில் தனியாக இருந்தேன். கை நனைந்திருந்தது. ஆறிய டாட்டூ கசியாது. முகர்ந்து பார்த்தேன்.

புளித்த பால் வாடை.

என் வீட்டில் குழந்தை இல்லை. பாலும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, டப்பாவில இருந்தது அப்பாதானே?”

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

“அண்ணா.”

“...அப்பாவை அன்னிக்கே ஆத்துல விட்டுட்டோம் பாப்பா. மொத்தமா. நீ அப்படி அழுததப் பாத்து மனசு கேக்கல.”

“அப்போ இது யாரு?”

“எரிமேடையில யாரும் வாங்கிட்டுப் போகாத அஸ்திப் பெட்டி ஒண்ணு இருந்துச்சு. அதுலேர்ந்து கொஞ்சம்... சாம்பல் சாம்பல்தானேன்னு நெனச்சேன்.”

போனை வைத்தேன். இருபத்து மூன்று நாள். யாரோ ஒருவரை அப்பா, அப்பா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7. காலை 10.15. எரிமேடை அலுவலகம். காவலாளி பதிவேட்டைத் திருப்பினார்.

“அந்த வாரம் வாங்காம கெடந்தது ஒரே பெட்டிதாம்மா. இதோ.”

பெண். வயது 27. சாலை விபத்து. இறந்த நேரம், மாலை 6.50.

கீழே இன்னொரு வரி.

ஆண் குழந்தை. நாற்பது நாள். மாலை 6.50.

பெட்டி எண் இரண்டு வரிக்கும் ஒன்றுதான்.

“ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டியா?”

“பிரிக்க முடியலைன்னு சொன்னாங்கம்மா. அந்தப் பொண்ணு அப்படிப் புடிச்சிருந்துச்சாம்.”

ஏப்ரல் 11. தோல் மருத்துவரிடம் போனேன். டாட்டூவை லேசரில் எடுத்துவிடலாம் என்றார்.

“லேசர் மையைத் தூளா உடைக்கும். அந்தத் தூளை உடம்பே கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்துக்கும்.”

“உள்ளன்னா?”

“ரத்தத்துல கலந்துடும். கவலைப்படாதீங்க.”

சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

அண்ணன் இதுவரை பதினேழு முறை அழைத்திருக்கிறான். நான் எடுக்கவில்லை. பல்சக்கரம் கையில் அப்படியே இருக்கிறது. மாலை 6.45க்கு எங்கே இருந்தாலும் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிடுகிறேன். இப்போது கையில் சாய்கிற எடை ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டது.