போர்வையில் எங்கள் வளவு

நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்லக்கூடாது. நில அளவைக் கந்தோரில் முப்பத்துமூன்று வருடம் காணிப் படம் கீறினேன். என் மேசையிலிருந்து போன படத்தில் ஓர் அங்குலம் பிழை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் கந்தோரோடு நிற்காமல் வீட்டுக்கும் என்னோடு வந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். நானும் மறுத்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள். லண்டனுக்குப் படிக்கப் போனவள் அங்கே தானே ஒருவரைப் பார்த்து முடிவெடுத்துவிட்டாள். நானோ பண்டத்தரிப்பில் ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் போனில் விஷயத்தைச் சொன்ன அன்று, "இனி என்ரை படலைக்குள்ளை கால் வைக்கப்படாது" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதன்பிறகு மூன்று வருடம் நான் அவளோடு கதைக்கவில்லை. தாயும் மகளும் தினமும் கதைத்தார்கள். குசினிக்குள் வாட்ஸ்அப் மணி கேட்டால் நான் எழுந்து வாழைக்குத் தண்ணீர் விடப் போய்விடுவேன். அந்த மூன்று வருடமும் எங்கள் வாழைகள் நல்ல குலை போட்டன.

இந்த வருடம் அவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும், எங்கள் இருவருக்கும் அழைப்புக் கடிதம் வந்தது. என்னுடையதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மனைவி தனக்கு மட்டும் விசா எடுத்தாள். என்னைக் கெஞ்சுவாள் என்று பார்த்தேன். கெஞ்சவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

என் மனைவி அரியாலையில் அக்கம்பக்கத்தாருக்குச் சட்டை தைப்பவள். மிஞ்சுகிற துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைப்பதும் அவளுக்கு நெடுநாள் பழக்கம். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் ஒரு போர்வை என்று தொடங்கினாள். கடையில் புதுத்துணி எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"பிறந்த பிள்ளைக்கு ஆரும் புதுத்துணி போடுறவையே? பழசுதான் மெத்தெண்டிருக்கும். அங்கை குளிர் வேறை" என்றாள்.

தோய்த்துத் தோய்த்து மெலிந்த சேலைகள், என் பழைய வேட்டிகள், சாரங்கள் எல்லாம் கட்டிலில் குவிந்தன. ஓரம் கிழிந்ததை ஒதுக்கினாள், நல்ல பகுதியை வெட்டி அயன் பண்ணினாள். எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டித் தைக்கப்போவதாகச் சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவிடவில்லை.

"உதென்ன, கணக்குக் கொப்பி மாதிரி? ஒரு படம் வேண்டாமே?"

"அப்ப நீங்களே ஒண்டு கீறித் தாங்கோவன்."

அவள் வேண்டுமென்றே என்னை மாட்டிவிட்டாளோ என்று இப்போது யோசிக்கிறேன். அன்று அதெல்லாம் தோன்றவில்லை. பழைய படப் பலகையை மேலே இருந்து இறக்கித் தூசு தட்டினேன். பென்சிலைச் சீவினேன். கை தானாக எங்கள் வீடு நிற்கிற வளவைத்தான் கீறியது. தொண்ணூறு அடி அகலம், நூற்றிருபது அடி நீளம், நாலு பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று அடியை ஓர் அங்குலமாக எடுத்தால், முப்பதுக்கு நாற்பது அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை. வீட்டுக்கு அவளுடைய அரக்குச் சேலை. தோட்டத்துக்குப் பச்சைச் சாரம். முற்றத்துக்கு மண்ணிறச் சேலை ஒன்று. கிணற்றுக்கு என் நீலச் சட்டை. தெருப் படலையிலிருந்து வாசற்படி வரை வருகிற நடைபாதைக்கு வெள்ளை வேட்டி.

எதற்காக வளவைக் கீறுகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பேரப்பிள்ளை இந்த மண்ணில் தவழப்போவதில்லை, அதற்கு நானே வழி அடைத்துவிட்டேன். துணியிலாவது தவழட்டும் என்று மனம் ஆசைப்பட்டது. அதை வாயால் சொல்ல வெட்கமாயிருந்தது.

வெட்டுகிற வேலையையும் நானே எடுத்தேன். அவள் வெட்டினால் கோணும் என்று சொன்னேன். காகிதத்தில் ஒவ்வொரு துண்டையும் வெட்டி, துணியில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கீறி, கோட்டின் மேலேயே கத்தரித்தேன். ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை. துண்டுகளுக்கு எண் போட்டு, கட்டுக் கட்டாக அவளிடம் கொடுத்தபோது எனக்கு என்னைப் பற்றி நல்ல பெருமை.

இரண்டு நாள் மெசின் ஓடியது. மூன்றாம் நாள் பின்னேரம் "இஞ்சை ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டாள். வீட்டுப் பக்கம் ஒரு நீளப் பட்டி, தோட்டப் பக்கம் ஒரு நீளப் பட்டி, இரண்டையும் விறாந்தையில் பக்கம் பக்கமாக விரித்திருந்தாள். மேல் ஓரம் பொருந்தியது. கீழே தோட்டம் மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் வளவு அடுத்த வீட்டுக் காணிக்குள் ஒன்பது அடி போயிருந்தது.

"நீர் கோணலாத் தைச்சுப்போட்டீர்" என்றேன்.

"அளந்து பாருங்கோ."

அளந்தேன். தோட்டப் பக்கம் முப்பத்தொன்பது அங்குலம், வீட்டுப் பக்கம் முப்பத்தாறு. இரண்டும் நாற்பது இல்லை. தையல் நேராகத்தான் இருந்தது. அவள் பட்டியைப் புரட்டி, ஒரு மடிப்பை விரலால் விரித்துக் காட்டினாள். ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு பக்கமும் கால் அங்குலம் உள்ளே போயிருந்தது. வீட்டுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒன்பது துண்டு, தோட்டத்தில் மூன்று. துண்டு கூடிய பக்கம் கூடுதலாகச் சுருங்கிவிட்டது.

காகிதத்தில் கோட்டுக்கு அகலம் கிடையாது. முப்பத்துமூன்று வருடம் அகலமில்லாத கோடு கீறிய மனுஷனுக்கு, துணியில் கோடும் இடம் பிடிக்கும் என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளைகூடத் தையலுக்குக் கால் அங்குலம் விட்டுத்தான் வெட்டும்.

"நீர் முதலே சொல்லியிருக்கலாமே!" என்று பாய்ந்தேன்.

"சொல்ல விட்டனீங்களே? பென்சிலைத் தொடவே விடேல்லை. சரி, ஆனைக்கும் அடி சறுக்கும்." சிரிப்பை அடக்கிக்கொண்டு நடைபாதையைத் தொட்டாள். ஓர் அங்குல வேட்டித் துண்டு தைத்தபிறகு அரை அங்குலம் ஆகியிருந்தது. "உதாலை ஆர் வாறது? எறும்புதான் வரும்."

எனக்கு முகம் சுட்டது. அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டு கேக்கிறன். பிள்ளையைப் படலைக்குள்ளை வரவேண்டாம் எண்டு சொன்னது நீங்கள். இப்ப படலையையும் பாதையையும் கீறிக் குடுத்துவிடுறதும் நீங்கள். அவளை வரச்சொல்லுறியளோ, இல்லையோ? அதை முதல் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சதுரம் சதுரமாவே தைக்கிறன்."

மூன்று வருடத்தில் அவள் இதை நேரே கேட்டது அன்றுதான். எனக்குப் பதில் இருந்தது. ஆனால் "எல்லாத்தையும் பிரியும். நான் திரும்ப வெட்டித்தாறன்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப பாதையைக் கொஞ்சம் அகலமா வெட்டுங்கோ."

"பாதை மூண்டடிதான். அதுக்கு மேலை ஒரு அங்குலமும் தரமாட்டன்."

"கடவுளே, இந்த மனுசனோடை!" என்றபடி சவர பிளேட்டை எடுத்துக்கொண்டு தையல் பிரிக்க உட்கார்ந்தாள்.

பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். எல்லாத் துண்டையும் தையல் வரும் பக்கமெல்லாம் கால் அங்குலம் கூட்டித் திரும்ப வெட்டினேன். அரக்குச் சேலை போதவில்லை. சமையலறைக்கு வேறு சிவப்பு, சாமியறைக்கு மஞ்சள் என்று அவள் சமாளித்தாள். கிணற்றை மட்டும் வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்து, முற்றத்தின் மேலே வைத்துக் கையால் தைத்தாள். இந்த முறை ஒவ்வொரு பட்டி முடிந்ததும் நான் அடிமட்டத்தோடு போய் நின்றேன். நாற்பது, நாற்பது என்று வந்தபோது இருவரும் சேர்ந்து தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு அடுக்கு. கீழே வேட்டி, நடுவில் ஒரு பழைய தடித்த பெட்சீற், மேலே வளவு. சுருக்கம் விழாமல் நான் நாலு மூலையையும் மாறி மாறி இழுத்துப் பிடிக்க, அவள் குண்டூசி குத்தினாள். மூன்றையும் சேர்த்துச் சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போட ஐந்து நாள் பிடித்தது. மதிலைச் சுற்றி ஒரு ஓட்டம், வீட்டைச் சுற்றி ஒரு ஓட்டம், தோட்டத்தில் பாத்தி பாத்தியாக. ஓரத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டி வைத்து மடித்துத் தைத்ததோடு வேலை முடிந்தது. கையில் எடுத்தால் கனமில்லை. முகத்தில் வைத்தால் எங்கள் அலுமாரி மணத்தது.

"நான் கீறினதெண்டு சொல்லப்படாது" என்றேன். "சரி" என்றாள். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த பிறகுதான் போர்வையை வெளியே எடுப்பேன், அதுவரை பிள்ளை கிடக்கிற துணி எல்லாம் எறிகிற துணி என்றும் சொன்னாள். பயணப் பெட்டியிலிருந்து மிளகாய்த்தூள் பை ஒன்றை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போர்வையை மடித்து வைத்தாள்.

அவள் போனபிறகு வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிழமை பாணும் சம்பலும் தின்றேன். புட்டு அவித்தேன், அதைக் காகமும் யோசித்துத்தான் தின்றது. பேத்தி பிறந்தாள் என்று மனைவி சொன்னாள். படம் அனுப்பினாள். அந்தப் படத்தை எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினேன்.

முப்பத்திரண்டாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. மனைவியின் இலக்கம். எடுத்தேன்.

"அப்பா."

மகளின் குரல். வாழைக்குத் தண்ணீர் விடப் போகவில்லை.

"ஓம், பிள்ளை."

"போர்வை பாத்தனான். அம்மா தான்தான் கீறினதெண்டு சொல்லுறா. அம்மாக்கு வடக்கு எது, தெற்கு எது எண்டு தெரியுமே?"

படம் என்று ஒன்று கீறினால் வடக்குக் காட்டாமல் விட என் கை கேட்காது. மனைவி பெட்டி அடுக்கிய அன்று நானே ஒரு மூலையில் சிவப்பு நூலால் அம்புக்குறி தைத்திருந்தேன். கோணல் தையல்தான்.

"எல்லாம் இருக்கு அப்பா. சாமியறை இருக்கு, என்ரை அறை இருக்கு, கிணறு இருக்கு. கிணத்தடியிலை என்ரை கொய்யா மரத்தைத்தான் காணேல்லை. கீற மறந்துபோனியளோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வயது போன மனுஷன், மறந்துபோனார் என்று விட்டிருப்பாள். ஆனால் படத்தில் நிலத்தில் உள்ளதுதான் வரும். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏறியிருந்து படித்த அந்த மரம் நிலத்தில் இல்லை.

"மறக்கேல்லை, பிள்ளை. வெட்டிப்போட்டன்."

"ஏன்?"

"நீ கலியாணம் முடிச்ச கிழமை. கோவத்திலை வெட்டினனான். வெட்டின அண்டைக்கே எனக்கு அழுகை வந்தது. கொம்மா ஒண்டும் சொல்லேல்லை, நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அது பிழை. உன்னை வரவேண்டாமெண்டு சொன்னதும் பிழை. அதுதான் பெரிய பிழை."

அந்தப் பக்கம் பிள்ளை மெல்ல முனகி ஓய்ந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"எனக்குத் தெரியும் அப்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "அம்மா அண்டைக்கே சொன்னவ. நீங்கள் சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வருடமாக அவள் அந்த மரத்தை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இப்ப சொல்லுங்கோ. நாங்கள் வாறதோ?"

"மூண்டு பேருமா வாங்கோ" என்றேன்.