விளக்கெண்ணெய் விட்ட சக்கரம்

மலையிறங்கி வந்த பேருந்தில் நேற்று பிரேக் பட்டை காந்தும் வாடை அடித்தது. அதோடு கொஞ்சம் விளக்கெண்ணெய் வாடையும் கலந்திருந்தால் அப்படியே எங்கள் பழைய தோட்டத்து வாசலுக்குப் போயிருப்பேன்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் அப்பாவின் பந்தயக் கார் ஓடுவதில் சூரன், நிற்பதில் சோம்பேறி. கோயமுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் பாய் எங்கள் வண்டிக் கொட்டகையிலேயே தங்கி, சூடு தணிய பிரேக் டிரம்மில் துளைகள் போட்டு, புதுப் பட்டை அடித்து, அதன் ஓரங்களை அரத்தால் ராவி முடித்தார். அதன்பின் கார் பிரேக்கை மிதித்த இடத்தில் நின்றது, நிற்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது.

சக்கரம் கத்தினால் எண்ணெய் விடுவது மாட்டு வண்டி வைத்திருந்த எங்கள் வீட்டு வழக்கம். துளைகள் அதற்குத்தான் என்று நினைத்த அம்மா, நான்கு சக்கரங்களுக்கும் மனங்கோணாமல் விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா மிதிக்க மிதிக்க, கார் வாசலைத் தாண்டிப் போய்ச் சோளத்தட்டுப் போரில் புகுந்துதான் நின்றது. அவருக்கு அடியில்லை. பாய் டிரம்மைக் கழற்றியதும் வாடை எல்லோருக்கும் எட்டியது. கதவைப் பிடித்தபடி வெளிறி நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டு பாய் சொன்னார்: "அச்சுல இருந்த எண்ணெய் கசிஞ்சுபோட்டுதுங்க."

அப்பாவும் தலையாட்டினார். "கசியறதுதானுங்க பாய். வேற பட்டை அடிச்சுப்போடுங்க."

"அந்தச் சத்தம் மட்டும் இருக்கட்டுங்க," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், வாசலில் அந்தக் கிறீச்சு கேட்ட பிறகுதான் அவள் இலை போட எழுந்திருப்பாள்.