தியானக் கூடத்தில் நின்றுபோகும் மின்விசிறி

அந்தத் தகடு வரவேற்பறைச் சுவரில் ஏறிய அன்று மணிமொழியும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். பித்தளை நிறம், ஓரத்தில் ஓர் இலை, நடுவில் ‘பசுமைக் கட்டடம் – தங்கத் தரம்’ என்ற எழுத்து. முதலாளி கோதண்டராமன் அதன் கீழே நின்று நாலு பக்கமும் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவள் விருந்தாளிகளுக்கு வேலை செய்தாளா, அந்தத் தகட்டுக்கு வேலை செய்தாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

மகிழம் இல்லம் என்கிற அந்த விடுதி திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. ரமணாசிரமத்திலிருந்து நடந்து போகிற தூரம். பதினாறு அறைகள், மாடியில் மலையைப் பார்த்தபடி ஒரு தியானக் கூடம். மணிமொழி அங்கே ஒன்பது வருடமாக மேனேஜர். அடி அண்ணாமலையில் பிறந்து, டவுன் அரசுக் கல்லூரியில் பி.காம் முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். கணவன் இளவரசன் மினி பஸ் ஓட்டுகிறான். காலையில் எட்டு மணிக்கு விடுதிக்குள் நுழைந்தால் அவள் வீடு திரும்ப எட்டாகிவிடும்.

தண்ணீரையும் கரண்டையும் மிச்சம் பிடிப்பதில் அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. சித்திரை மாதம் கிணற்றில் மோட்டார் அரைமணி நேரம் ஓடினாலே பெரிய விஷயம் என்கிற வீட்டில் வளர்ந்தவள். மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதித்தபோது மேல்மாடி அறைகளின் வெக்கை குறைந்ததை முதலில் சொன்னவளும் அவள்தான். சோலார் தகடுகளை வாரம் ஒருமுறை துடைக்க வைத்ததும் அவள்தான். அவளுக்கு எரிச்சல் வந்தது மற்றவற்றில்.

முதல் எரிச்சல் குழாய். சான்றிதழுக்காகச் சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் அருண்பிரசாத், விடுதியில் இருந்த எல்லாக் குழாய்களின் வாயிலும் தண்ணீரைக் குறைத்து விடுகிற ஒரு சல்லடை மூடியைப் பொருத்தச் சொன்னார். கை கழுவுகிற குழாயில் அது சரி. குளியலறையில் வாளி நிரப்புகிற குழாயிலும் போட்டார்கள்.

“சார், வாளிக்கு எவ்ளோ புடிக்குமோ அவ்ளோதான புடிக்கப் போவுது. மெதுவா வந்தா மட்டும் எப்டி மிச்சமாவும்?” என்று அன்றைக்கே கேட்டாள்.

“மேடம், ஃப்ளோ ரேட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ரெண்டு பாயிண்ட்” என்றார் அருண்பிரசாத்.

பாயிண்ட் என்ற சொல்லை அதற்கு முன்பு அவள் கிரிக்கெட்டில்தான் கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு கோதண்டராமன் வாயைத் திறந்தால் அதுதான்.

பௌர்ணமி வந்தது. ஆந்திராவிலிருந்து வேன் வேனாகக் குடும்பங்கள் வந்து இறங்கின. வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றி வந்தவர்கள் அறைக்குள் நுழைந்ததும் கேட்பது ஒரு வாளி வெந்நீர்தான். குழாயைத் திறந்தால் நூல் மாதிரி வந்தது. ஒரு வாளி நிரம்பப் பதினோரு நிமிடம் ஆனதை மணிமொழி செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யார் நிற்பார்கள்? குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்கள் தூங்கிப்போனார்கள், வாளி நிரம்பி வழிந்தது. மறுநாள் காலை தண்ணீர் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதும்போது, பழைய பௌர்ணமிகளைவிட அளவு ஜாஸ்தியாக இருந்தது. கோதண்டராமனிடம் நோட்டைக் காட்டினாள். “கஸ்டமருக்கு நீ எடுத்துச் சொல்லணும்மா” என்றார்.

இரண்டாவது எரிச்சல் மட்கும் குப்பைத் தொட்டி. பின்பக்கம் வைத்த மூன்றே நாளில் குரங்குகள் அதன் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டன. மேலே கல்லைத் தூக்கி வைத்தால் இரண்டு குரங்குகள் சேர்ந்து கல்லைத் தள்ளின. துப்புரவு வேலை பார்க்கும் ஜோதியம்மாள் காலையில் வந்ததும் வாழைப்பழத் தோலையும் சாம்பார்க் காய்களையும் சந்து முனைவரை பொறுக்க வேண்டியிருந்தது. “குப்பைய நாலு கலர் டப்பால பிரிச்சுப் போடுறேன். அதுங்க வந்து ஒண்ணாக் கலக்குது. இது இன்னா வேலம்மா?” என்று கேட்பாள்.

ஆனால் இதெல்லாம் தியானக் கூடத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் விளக்கும் விசிறியும் ஓடக்கூடாது என்று கூடத்தின் கூரையில் ஒரு சென்சார் வைத்தார்கள். உள்ளே யாராவது அசைந்தால் அது கரண்டைக் கொடுக்கும். ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் அணைத்துவிடும். தாழ்வாரத்துக்கும் கழிப்பறைக்கும் அது நல்ல ஏற்பாடுதான். தியானக் கூடத்தில் உட்காருகிறவர்கள் அசையாமல் இருப்பதற்காகவே பல ஆயிரம் மைல் கடந்து வந்தவர்கள்.

முதல் நாள் மாலை ஆறரைக்கு இருபது பேர் உட்கார்ந்தார்கள். ஆறு முப்பத்தைந்துக்கு விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. வெக்கையில் வேர்வை வழிய அரைமணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கீழே வந்தார்கள். அதில் ஒரு ஜெர்மன்காரர் மணிமொழியிடம் ரொம்பப் பணிவாக, இந்த இருட்டும் பயிற்சியில் சேர்த்தியா என்று கேட்டார். அவள் அருண்பிரசாத்துக்குப் போன் போட்டாள்.

“யாராவது ஒருத்தர் அப்பப்போ கைய அசைக்கச் சொல்லுங்க மேடம்” என்றார்.

“தியானம் பண்றவங்கள எப்டி சார் கைய அசைக்கச் சொல்றது?”

“அப்ப உங்க ஸ்டாஃப் யாராச்சும் உள்ள போய்ட்டு வரட்டும்.”

எலக்ட்ரீசியன் திருமலை ஏணியோடு வந்து நின்றான். “அக்கா, சென்சாரக் கழட்டிட்டு ஒயர நேராக் குடுத்துர்றேன். அஞ்சு நிமிஷ வேலை.” கோதண்டராமன் கேள்விப்பட்டு வேலூரிலிருந்து போனிலேயே கத்தினார். அதில் யாராவது கை வைத்தால் பாயிண்ட் போய்விடும், தங்கம் வெள்ளியாகிவிடும், ஒருத்தரும் தொடக்கூடாது. திருமலை ஏணியை மடக்கிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து காலை ஆறரை அமர்வுக்கு ஜோதியம்மாள், மாலை ஆறரை அமர்வுக்கு மணிமொழி என்று முறை வந்தது. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல் மாடி ஏறி, கதவை மெல்லத் திறந்து, நாலடி உள்ளே போய், திரும்பி வர வேண்டும். வரவேற்பறையில் போன் அடிக்கும், அறைச்சாவி கேட்டு ஆள் நிற்பார்கள். அவள் மாடிப்படியில் இருப்பாள். ஒருநாள் ஒரு பிரெஞ்சுப் பெண் கண்ணைத் திறக்காமலே “ப்ளீஸ், டோண்ட் வாக்” என்றாள். மணிமொழி வாசலிலேயே நின்றாள். விசிறி நின்றது. அதே பெண் கீழே வந்து விசிறி ஏன் நின்றது என்று கேட்டாள்.

அன்று வீட்டில் இளவரசன் தட்டை வைத்துவிட்டு, “இன்னாத்துக்கு இப்டி மூஞ்ச வெச்சினு இருக்க?” என்றான்.

“நான் பி.காம் படிச்சது விசிறி சுத்த வைக்கிறதுக்கா?” என்றாள் அவள்.

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கு விளக்கவும் தெம்பில்லை.

மூன்று வருடம் முடிந்தது. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. கூடவே நாற்பத்து மூன்று ஆவணங்களின் பட்டியல். அதில் பதினேழாவது, கட்டடத்தில் இருப்பவர்களின் கருத்துப் படிவம், முப்பது பேருடையது. கோதண்டராமன் முப்பது வெற்றுப் படிவங்களையும் ஐந்தாறு பேனாக்களையும் அவள் மேசையில் வைத்தார்.

“நீயே ஒக்காந்து எழுதிடும்மா. எழுத்து ஒரே மாதிரி இல்லாம பாத்துக்க. எல்லாத்துலயும் ‘மிக நன்று’.”

“விருந்தாளிங்க கிட்டயே குடுத்து வாங்கலாமே சார்.”

“வாங்கினா என்ன எழுதுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக எடுத்துச் சொல்லு, எடுத்துச் சொல்லு என்றவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மூன்று படிவங்களை எழுதினாள். ஒன்று நீல மையில், ஒன்று கறுப்பில், ஒன்று இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில். நாலாவதை எடுத்தபோது, இதுவரை கவனிக்காத ஒரு கேள்வி கண்ணில் பட்டது: ‘நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் இந்தக் கட்டடத்தில் இருக்கிறீர்கள்?’ பக்கத்தில் ஒரு குறிப்பு: ஊழியர்களும் நிரப்பலாம். பதினொன்றரை மணி நேரம் என்று எழுதினாள். எத்தனை வருடமாக? ஒன்பது. காற்றோட்டம் எப்படி? வெளிச்சம் எப்படி? தண்ணீர்? வசதிக் குறைவு ஏதேனும் உண்டா? அதற்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அவள் பின்பக்கமும் எழுதி, இன்னொரு தாளை வைத்துத் தைத்தாள். கீழே தன் பெயரைப் போட்டாள். பிறகு முதலில் எழுதிய மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, மீதியை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜோதியம்மாளுக்கும் ஒன்று கொடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினாள். குரங்கைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் வந்தது.

ஆய்வுக்கு வந்தவள் ஓவியா. முப்பது வயதுகூட இருக்காது. முதுகில் பை, கையில் ஒரு அளவு கருவி. கோதண்டராமன் கரும்புச் சாறு வரவழைத்தார். அவள் குடித்தாள், குடித்துவிட்டு நேராகப் படிவங்களைக் கேட்டாள். மணிமொழி கொடுத்தாள். முதலாளி மேலே இருந்த இரண்டு தாளைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போனார்.

“மணிமொழின்னா யாருங்க?” என்று கேட்டாள் ஓவியா.

“நான்தான் மேடம்.”

“ஒரு நாளைக்கு எத்தன தடவ மாடி ஏறுறீங்க, இந்த சென்சாருக்காக?”

“சாயந்திரம் மட்டும் பதினஞ்சு தடவ. கார்த்திகை தீபம் டைம்ல ரெண்டு செஷன் வெப்போம், அப்ப முப்பது.”

ஓவியா நேராக மாடி ஏறினாள். ஏணி கேட்டாள். திருமலை கொண்டுவந்து போட்டான். அவளே ஏறி, சென்சாரின் மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். உள்ளே பட்டாணி அளவில் ஒரு திருகு. அதைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் ஒரு சுற்றுத் திருப்பினாள்.

“இப்ப யாரும் அசையலன்னாலும் அரைமணி நேரம் ஓடும். அஞ்சு நிமிஷத்துல வெச்சிருக்காங்க, அவ்ளோதான்.”

“பாயிண்ட்டு?” என்றார் கோதண்டராமன்.

“சென்சார் இருக்கணும் சார். அஞ்சு நிமிஷத்துல அணையணும்னு யாரும் சொல்லலயே.”

மணிமொழிக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் ஏணியின் அடியில் நின்றபடி அந்தத் திருகையே பார்த்தாள். மூன்று வருடம், வாரம் ஆறு நாள், தினம் பதினைந்து தடவை. கணக்குப் போட ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டாள்.

“அந்தப் படிவம்...” என்று கோதண்டராமன் இழுத்தார். “எங்க ஸ்டாஃப் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு எழுதிட்டாங்க.”

“நல்லதா எழுதணும்னு எங்கயும் இல்ல சார். கேட்டீங்களா, கேட்டுட்டு என்ன சரி பண்ணீங்கன்றதுக்குத்தான் பாயிண்ட். போன தடவ எல்லாமே ‘மிக நன்று’ன்னு இருந்ததால சரி பண்ண ஒண்ணும் இல்லன்னு அந்த பாயிண்ட்டே உங்களுக்கு வரல.”

போன தடவை அவற்றை யார் எழுதினார்கள் என்று மணிமொழி கேட்கவில்லை. அருண்பிரசாத் விதவிதமான பேனாக்களோடு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தது அவள் நினைவுக்கு வந்தது.

வாளிக் குழாயில் சல்லடை மூடி தேவையே இல்லை என்றும் ஓவியா சொன்னாள். அளவு தெரிந்த பாத்திரத்தை நிரப்புகிற குழாய்க்கு அந்த விதி பொருந்தாதாம். மணிமொழி திரும்பி முதலாளியைப் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரங்குக்கு மட்டும் ஓவியாவிடமும் வழி இல்லை. “எங்க கைடுல அது வரலங்க” என்றாள் உண்மையான வருத்தத்தோடு.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. வெள்ளி. பௌர்ணமி தோறும் வழிந்தோடிய தண்ணீர் மீட்டர் நோட்டில் மூன்று வருடமாகப் பதிவாகியிருந்தது. அது பாயிண்ட்டைத் தின்றுவிட்டது. கோதண்டராமன் மூன்று வாரம் மணிமொழியிடம் நேரில் பேசவில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ‘ரூம் 6 பல்பு.’ ‘பால் கம்மி.’ அவளும் கட்டைவிரல் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். திருமலை எல்லாக் குளியலறையிலும் மூடியைக் கழற்றினான். அடுத்த பௌர்ணமிக்கு மீட்டர் ஆறில் ஒரு பங்கு குறைந்து காட்டியது. அதை அவள் முதலாளிக்குப் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

நாலாவது வாரம் அவரே நேரில் வந்தார். அடி அண்ணாமலைப் பக்கம் இடம் வாங்கியிருக்கிறாராம், புது விடுதி கட்டப்போகிறாராம், இந்தத் தடவை பிளாட்டினமாம். கூடவே அருண்பிரசாத். மேசையில் பென்சிலில் போட்ட வரைபடத்தை விரித்தார்கள்.

“கட்டறதுக்கு முன்னாடியே ஒரு பார்வை பாத்துடும்மா” என்றார் கோதண்டராமன். மன்னிப்புக்கு அவரிடம் இருந்த சொல் அவ்வளவுதான். அவள் அதைப் புரிந்துகொண்டாள், ஆனாலும் எரிச்சல் தணியவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை மூலை மூலையாகப் பார்த்தாள். மொட்டை மாடி முழுக்க சோலார் தகடு. பின்பக்கம் மூலிகைத் தோட்டம். பக்கவாட்டில் கார் சார்ஜ் ஏற்றும் இடம்.

“இருபத்தி நாலு ரூம். பெட்ஷீட்ட எங்க காயப் போடறது சார்?”

“டிரையர் இருக்கு மேடம்” என்றார் அருண்பிரசாத். “கரண்ட் ரொம்பக் கம்மியா இழுக்கிற மாடல். அதுக்கு ஒரு பாயிண்ட்.”

ஜன்னலுக்கு வெளியே திருவண்ணாமலையின் பங்குனி வெயில் சந்தில் தார் உருகும் அளவுக்குக் காய்ந்துகொண்டிருந்தது. மணிமொழி அதைப் பார்த்தாள். பிறகு மேசை டிராயரைத் திறந்து ரப்பரைத் தேடினாள்.